ரொறன்ரோவின் மூடிய ஞாயிறு (1907–1992)

1992 ஜூனில் ஒன்ராறியோ அரசு ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. ரொறன்ரோவின் பழைய ஞாயிறு அன்றோடு செத்தது. அதற்கு ஓர் அஞ்சலி பாக்கி இருக்கிறது.

ஞாயிறு வியாபாரத்தையும் வேலையையும் தடுக்க 1906இல் கனடிய நாடாளுமன்றம் இயற்றிய கர்த்தருடைய நாள் சட்டம் 1907 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் போராடியவர்கள் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஷியரர் போன்ற சபைக்காரர் மட்டுமல்லர், தொழிற்சங்கங்களும் தோள்கொடுத்தன. வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓயவேண்டும் என்பது பத்துக் கட்டளைகளிலேயே உள்ளதுதானே.

அந்த ஞாயிறு கருணை மட்டும் நிறைந்ததாக இருக்கவில்லை. சட்டம் வருமுன்னரே, இந்த நகரில் ஞாயிறன்று டிராம் ஓடவே 1897இல் வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. 1912இல் பூங்காச் சரிவுகளில் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகையில் விளையாடுவதையும் தடுத்தார்கள். ஈட்டன்ஸ் கடை ஞாயிறுகளில் தன் கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரை போட்டது. சனிக்கிழமை ஓய்வுநாள் காத்த யூத வியாபாரி மறுநாளும் கடையைப் பூட்டி இரண்டு நாள் வருமானத்தை இழந்தார். ஒரு மதத்தின் புனித நாளை அரசு எல்லோர் மீதும் சுமத்த முடியாது என்று 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கர்த்தருடைய நாள் சட்டத்தை நீக்கியது. சரியான தீர்ப்பு. சைவர்களாகவும் முஸ்லிம்களாகவும் இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் அதுதான் அரண்.

ஆனால் ஞாயிறு அப்போதே சாகவில்லை. மதத்தின் பெயரால் அல்லாமல் பொது ஓய்வுக்காகக் கடைகளை மூடச் சொன்ன ஒன்ராறியோச் சட்டம் தனியே இருந்தது. 1986 டிசம்பரில் அதே நீதிமன்றம் அதைச் செல்லுபடியாகும் என்றது. கடைத் தொழிலாளரில் பெண்கள் அதிகம், சங்கப் பலம் குறைவு என்பதைத் தலைமை நீதிபதி டிக்சன் எடுத்துச் சொன்னார். எளியவரைக் காக்கும் சட்டங்களைக் கலைக்க, வசதியுள்ளவர்கள் கனடாவின் உரிமைச் சாசனத்தைக் கருவியாக்கிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். அந்த ஞாயிற்றின் நல்ல பாதியை இவ்வளவு தெளிவாக வேறு எவரும் பேசவில்லை என்பேன்.

ஸ்பதைனா வீதியின் மென்மயிர் ஆடை வியாபாரியான போல் மாக்டர் சட்டத்தை மீறிக் கடை திறந்தபடியே இருந்தார். பொருளாதாரம் படுத்தது, சனம் எல்லை தாண்டி பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போனது. கடைசியில் தொழிலாளர் ஆதரவோடு ஆட்சிக்கு வந்த பொப் ரேயின் அரசே கதவைத் திறந்துவிட்டது.

இழப்பு யாருடையது? ஸ்காபரோவில் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேருந்துக்கு நிற்கும் காசாளர்ப் பெண்ணுடையது. தகப்பன் இரவு வேலை முடிந்து வரும்போது தாய் வேலைக்குப் புறப்படும் வீட்டுப் பிள்ளைகளுடையது. 2001 செப்டம்பருக்குப் பின் கடை வேலைக்குச் சேர்ந்தவர், சேரும்போதே ஞாயிறு வேலைக்குச் சம்மதித்திருந்தால் பிறகு மறுக்க முடியாது. மத நம்பிக்கை காரணம் என்றால் மட்டும் மறுக்கலாம். கும்பிடப் போக விடுப்பு உண்டு. பிள்ளையோடு இருந்து சாப்பிட இல்லை. இது அநீதி.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்க் கடை முதலாளிமாரே, உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறாவது சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள்.