கட்சிசாராமையும் நடுநிலையும்: இலங்கை அரசியலமைப்பு வரலாறு காட்டும் உண்மை

நாடாளுமன்ற முறையில் ஆட்சி கட்சிவழி நடப்பது. பெரும்பான்மை பெற்ற கட்சி அமைச்சரவை அமைக்கின்றது. அதனைப் பெறாத கட்சி எதிரே அமர்கின்றது. எனினும், ஆட்சியின் எல்லா உறுப்புகளையும் கட்சியின் கையில் ஒப்புவித்தல் ஆகாது என்னும் கருத்தும் அம்முறையுள் வேரூன்றியதே. அரசு ஊழியரை அமர்த்துவோரும், தேர்தலை நடத்துவோரும், நீதிபதியரைத் தெரிந்தெடுப்போரும் கட்சிப் பூசலுக்கு அப்பால் நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்கச் செய்வது யாங்ஙனம் என்பதே வினா. இவ்வினாவிற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடைகளைச் செய்து பார்த்த நாடு இலங்கை. அவ்விடைகளை ஈண்டு வரிசைப்படுத்தி ஆராய்வோம்.

முதல் விடை, கட்சியே இல்லாத ஆட்சி. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. ஆனால் கட்சி அமைச்சரவையை அளிக்கவில்லை. அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தேர்ந்த தலைவரே அத்துறையின் அமைச்சரானார். எல்லா உறுப்பினரும் ஆட்சியிற் பங்கு கொள்வர், அதனால் இனப்பிரிவு மங்கும் என்பது ஆணைக்குழுவினரின் எதிர்பார்ப்பு. முதற் சபையில் பெரி. சுந்தரம், எச். எம். மாக்கான் மாக்கார் ஆகிய இருவர் சிங்களர் அல்லாத அமைச்சராயினர். 1936-இல் நிகழ்ந்ததோ வேறு. உறுப்பினர் ஏழு குழுக்களிலும் பகிர்ந்து அமர்ந்த முறையால் ஒவ்வொரு குழுவும் சிங்களர் ஒருவரையே தலைவராகத் தேர்ந்தது, எழுவரும் ஓரினத்தவராயினர். ஆண்டுக் கட்சி இல்லை. ஆயினும் நடுநிலையும் இல்லை. பெரும்பான்மை தன் வலிமையைச் செலுத்துதற்குக் கட்சி என்னும் கருவி இன்றியமையாதது அன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

இரண்டாம் விடை, கட்சி ஆட்சிக்குள் கட்சிசாரா ஆணைக்குழு. சோல்பரி அரசியலமைப்பு அமைச்சரவை முறையை மேற்கொண்டது. அதனுடன் மூவர் கொண்ட பொதுச்சேவை ஆணைக்குழு ஒன்றையும், நீதிச்சேவை ஆணைக்குழு ஒன்றையும் நிறுவிற்று. அரசு ஊழியரை அமர்த்தல், மாற்றல், நீக்கல், ஒழுக்க நடவடிக்கை எடுத்தல் என்பன முன்னதன் பொறுப்பாயின. இவ்வேலி ஓரளவு காத்தது என்பதில் ஐயமில்லை. இலஞ்ச விசாரணை மன்ற உறுப்பினரை அமைச்சரின் அறிவுரைப்படி அமர்த்தியது, நீதிச்சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தை மீறுவது என 1964-இல் கோமறைக் கழகம் ரணசிங்க வழக்கில் தீர்த்தது.

ஆயினும் அவ்வேலியில் இரு திறப்புகள் இருந்தன. பொதுச்சேவை ஆணைக்குழுவினரைத் தேசாதிபதி அமர்த்தியது பிரதமரின் அறிவுரைப்படியே, இஃது ஒன்று. ஊழியரின் ஊதியமும் அதன் நிபந்தனைகளும் ஆணைக்குழுவின் கையில் இல்லாமல் திறைசேரியின் கையில் இருந்தன; இஃது இரண்டாவது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தபின் இரண்டாம் திறப்பின் விளைவு தெளிவாயிற்று. சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் எழுத்தரான கோடீசுவரனின் ஊதிய உயர்வு 1962-இல் நிறுத்தப்பட்டது. அவர் தொடுத்த வழக்கு 1969-இல் கோமறைக் கழகம்வரை சென்றது. அரசு ஊழியர் தம் ஊதியத்திற்காக அரசின்மேல் வழக்குத் தொடரலாம் என்று கழகம் கூறி, மொழிச்சட்டம் செல்லுமா என்னும் வினாவை உயர்நீதிமன்றத்திற்கே திருப்பி அனுப்பிற்று. ஆணைக்குழு அரசியலமைப்பில் நின்றது. அதன் நிழலிற் பணியாற்றிய ஊழியரோ நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

1972-ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு இவ்வேலியையே அகற்றிற்று. அரசு ஊழியரை அமர்த்தும் பொறுப்பு அமைச்சரவைக்குச் சென்றது. அறிவுரைச் சபையும் ஒழுக்காற்றுச் சபையுமே எஞ்சின. 1978-இல் பொதுச்சேவை ஆணைக்குழு மீண்டும் பெயர் பெற்றது. ஆனால் அதிகாரம் அமைச்சரவையிடமே நின்றது. உறுப்பினரைச் சனாதிபதி அமர்த்தினார்.

மூன்றாம் விடையே நம் ஆய்வுக்கு முதன்மையானது. 2001-இல் நிறைவேறிய 17-ஆம் திருத்தம் பத்துப் பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவையை உண்டாக்கிற்று. ஆணைக்குழுவினரை ஆராய்ந்து பரிந்துரைப்பதே அதன் பணி. சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோர் நீங்கலாக ஏனையோர் கட்சிசாராச் சான்றோராக இருத்தல் வேண்டும் என்பது விதி. அவருள் ஐவரைப் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒத்துப் பெயர் குறித்தனர். எனினும், பேரவை பரிந்துரைத்த தேர்தல் ஆணைக்குழுத் தலைவரைச் சனாதிபதி அமர்த்தாமையால் அவ்வாணைக்குழு அமையவே இல்லை. 2005-இல் பேரவையின் காலம் முடிந்தது. அது மீள அமைக்கப்படவில்லை. 2010-இல் 18-ஆம் திருத்தம் கருத்துரைக்க மட்டுமே உரிமை பெற்ற ஐவர் சபையொன்றை அதனிடத்தில் வைத்தது. 2015-இல் 19-ஆம் திருத்தம் பேரவையை மீட்டது. 2020-இல் 20-ஆம் திருத்தம் அதனை மீண்டும் நீக்கிற்று. 2022-இல் 21-ஆம் திருத்தம் மீண்டும் நிறுவிற்று.

இவற்றுள் 2015-ஆம் ஆண்டின் அமைப்பு உற்றுநோக்கத்தக்கது. அதில் பதின்மருள் எழுவர் நாடாளுமன்ற உறுப்பினர், கட்சிசாராதோர் மூவரே. சான்றோர் மிகுந்த முதற் பேரவை முடங்கியிருக்க, கட்சியினர் மிகுந்த இப்பேரவை இயங்கிற்று. 2015-இல் தேர்தல் ஆணைக்குழு முதன்முறையாக அமைந்தது. 2018 நவம்பரில் சனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது செல்லாது என்று டிசம்பர் 13-இல் ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தனர். அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பேரவையின் ஒப்புதல் பெற்று அமர்ந்தவர். தீர்ப்பிற்கு இஃதொன்றே காரணம் என்னோம். ஆயினும் அமர்த்தியவர்க்குக் கடன்பட்டிராத நிலை நீதிக்குத் துணையென்பது வெளிப்படை.

இதனால் பெறப்படுவது யாது? நடுநிலை என்பது கட்சியற்ற மாந்தரைத் தேடுவதால் மட்டும் கிட்டுவதன்று. எதிரெதிர்த் தரப்பினர் ஒத்துக்கொண்டாலன்றி ஒருவரும் அமரவியலாது என்னும் முறையாற் கிட்டுவது. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை தெரிந்தெடுக்கும் அரசனை நோக்கியவை. தெரிவோனையே கட்டுப்படுத்துவது எவ்வாறு என்பது மக்களாட்சிக்கு உரிய வினா.

அமர்த்தும் முறை செம்மையுற்ற பின்னும் பொருள்வழி எஞ்சுகின்றது. 2023 மார்ச்சு 9-இல் நிகழவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் திறைசேரிப் பணம் கிடையாமையால் நடவாது போயிற்று. வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என 2024-இல் உயர்நீதிமன்றம் கூறிற்று. தேர்தல் 2025 மே 6-இல்தான் நடைபெற்றது. கோடீசுவரன் காலத்தில் ஊழியரின் ஊதியத்தைத் தடுத்த அதே திறப்பு, அறுபது ஆண்டுகட்குப் பின் தேர்தலையே தடுத்தது. ஆணைக்குழுக்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் உறுப்பினர் யாவர் என்பதோடு அமையாது, அவரை அமர்த்தியவர் யாவர், அவர்க்குப் பணம் அளிப்பவர் யாவர் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.