விளையாட்டுவழிக் கல்வி (மன்னார்)

விளையாட்டுவழிக் கல்வி என்பது, பாலர் தம் இயல்பான விளையாட்டின் வாயிலாகவே மொழி, எண், புலனறிவு, கூடிவாழும் பழக்கம் ஆகியவற்றை ஈட்டிக்கொள்ளும் ஆரம்பப் போதனா முறையாகும். ஜெர்மானியரான ஃபுரோபெல் 1837-இல் தொடங்கிய பாலர் நிலையம் இதற்கு முன்னோடி.

இலங்கையில் 1997-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஆகியவற்றை முதலாம் முதன்மை நிலையாக வகுத்து, வழிப்படுத்திய விளையாட்டுக்குப் பிரதான இடமும், செயற்பாட்டுக்கு அடுத்த இடமும், மேசை வேலைக்குச் சொற்ப இடமும் அளித்தது. தரம் 5-இல் மேசை வேலையே மேலோங்கும்.

மன்னாரின் தலைமன்னார், பேசாலை முதலிய கரையூர்களில் இனாமாகக் கிடைக்கும் சிப்பி, சோகி, பனங்கொட்டை என்பன, அளவிலும் நிறத்திலும் தம்முள் வேறுபடுதலால், எண்ணுதற்கும் இனம் பிரித்தற்கும் விலைகொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் சாதனங்களினும் உகந்தவை எனலாம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டுப் பெற்றோர் எழுத்து வேலையையே விரைந்து நாடுதல் இம்முறைக்கு நேரும் இடையூறாகும்.