எச்.ஐ.வி. பரிசோதனையும் காத்திருப்புக் காலமும்: மயிலாப்பூர் முதல் சாத்தூர் வரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்ட வரலாறு 1986இல், சென்னையில் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மயிலாப்பூர்க் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். சென்னையில் சோதிக்கும் வசதி இல்லாததால் மாதிரிகள் இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. அங்கே மருத்துவர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் எலைசா என்னும் சோதனை முறையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. உடனே அறிவித்துவிடவில்லை. அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு முறையிலும் சோதித்து உறுதி செய்த பிறகே முடிவு வெளிவந்தது. ஆனால், எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இந்த வரலாற்றின் நெடுங்காலக் குறை அங்கேயே தொடங்கிவிட்டது என்று கருதுகிறேன்.

அன்றைய எலைசா கிருமியைத் தேடவில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடியது. அது ரத்தத்தில் போதிய அளவு சேர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் சோதித்தால், தொற்று இருந்தும் ‘இல்லை’ என்றே முடிவு வரும். விண்டோ பீரியட் எனப்படும் காத்திருப்புக் காலம் இந்த இடைவெளிதான். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்ன பழைய கணக்கு இதிலிருந்து வந்தது. பின்வந்த கருவிகள் எதிர்ப்புப் பொருளின் தொடக்க வகையையும் பிடித்தன. நான்காம் தலைமுறைச் சோதனை, கிருமியின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடுகிறது; ஆய்வகத்தில் செய்தால் 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்று தெரிந்துவிடும். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் சோதனைக்கு 10 முதல் 33 நாட்கள். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் விரைவுச் சோதனைக்கு மட்டும் 90 நாட்கள் வரை இடம் விட வேண்டும். கிருமி மாறவில்லை, நாம் எதைத் தேடுகிறோம் என்பது மாறியது.

வேலூர் முடிவை மறுபடி சரிபார்த்த அந்த எச்சரிக்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை நிலையங்களான நம்பிக்கை மையங்களில் முதல் சோதனையில் தொற்று தெரிந்தால், வெவ்வேறு வகையான மேலும் இரண்டு சோதனைகள் செய்த பிறகே முடிவு சொல்கிறார்கள். ஆகவே ‘உண்டு’ என்ற முடிவு பெரும்பாலும் தவறுவதில்லை. ‘இல்லை’ என்பதன் மதிப்பு, எந்த நாளில் ரத்தம் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தது.

கருவி எவ்வளவு கூர்மையானாலும் போதாது என்பதைக் கரிசல் பூமி 2018 டிசம்பரில் கண்டது. கோவில்பட்டிக்கு வடக்கே, சாத்தூர் அரசு மருத்துவமனையில், சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில் தன் தொற்றை அறிந்து, தானே மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதனால்தான் உண்மை வெளிவந்தது. 2016இலேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று கண்டறியப்பட்டிருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. இந்தத் துயரத்தை விண்டோ பீரியட்டின் கணக்கில் எழுத முடியாது. இரண்டு ஆண்டுகள் முன்பே தெரிந்த முடிவு, அதை அறிந்திருக்க வேண்டியவரைச் சேரவில்லை. ஒப்புதல் பெற்ற பிறகே சோதனை, சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை என்று வகுத்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது.

மயிலாப்பூரில் சொல்லாமல் ரத்தம் எடுத்தார்கள். சாத்தூர்ச் சம்பவத்தில் சோதித்த பிறகும் சொல்லவில்லை. நம்பகத்தன்மை என்பதில் பாதி ஆய்வகத்தில் இருக்கிறது. மறுபாதி, முடிவை உரியவரிடம் கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது. நமது மருத்துவ வரலாறுகள் முதல் பாதியை மட்டுமே கொண்டாடி வந்திருக்கின்றன.

யாருக்கேனும் எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற பயம் வந்தால், சோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தொற்றும் வாய்ப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால், 28 நாள் மாத்திரை தொற்றையே தடுக்கக்கூடும். அந்த நேரம் கடந்திருந்தாலும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள்; முதல் முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அதுவரை ரத்ததானம் செய்யாதீர்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.