ஓசூர் எல்லைப் பள்ளிகளில் தமிழ்: ஒரு பாடத்திட்டத்தின் வரலாறு

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1991-இல் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியே தன் பாடத்திட்டத்தை வகுத்துக்கொள்ளலாம். எதை, எப்படி, எந்த வகுப்புக்குள் கற்பிக்கப்போகிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னதைச் செய்யாவிட்டால் அனுமதி போய்விடும். 'சார்ட்டர் பள்ளி' என்ற முறை இப்படித்தான் பிறந்தது. அக்கம்பக்கத்துப் பொதுப்பள்ளிகளின் நிதியை அது உறிஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டு அங்கே வலுவாக உண்டு. அந்த முறையை இங்கே கொண்டுவரச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இடத்துக்கேற்ற பாடத்திட்டம், அதற்கு எழுத்தில் ஒரு பொறுப்பு என்ற அதன் உட்கூறு கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப் பள்ளிகளுக்குத் தேவைப்படுகிறது. ஓசூர், பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படி வந்து சேர்ந்தது என்ற வரலாறே அதற்குச் சான்று.

பழைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையாக இருந்த இப்பகுதி, பன்மொழி மாகாணமான சென்னைக்குள் இருந்தவரை மொழி ஒரு வழக்காக எழவில்லை. விடுதலைக்குப் பின் 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோல் வைத்தது: பள்ளியில் 40 பேரோ வகுப்பில் 10 பேரோ வேறு தாய்மொழியினராக இருந்தால் தொடக்கக் கல்வியை அம்மொழியில் தர வேண்டும். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது ஓசூர் தமிழ்நாட்டில் நின்றது. அதே ஆண்டு ஏழாவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரும் வசதியை மாநிலத்தின் கடமையாக்கியது. 1968-இன் இருமொழிக் கொள்கைக்குப் பிறகும், முதல் மொழிப் பாடமான பகுதி 1-இல் தமிழுக்குப் பதிலாகத் தாய்மொழியை எடுக்கும் வழி இப்பிள்ளைகளுக்கு இருந்தது. இந்த ஏற்பாடு தாய்மொழியைக் காத்தது உண்மை. தமிழ் எழுதப் படிக்காமலே பத்தாம் வகுப்பைத் தாண்டவும் அதே ஏற்பாடு இடம் கொடுத்தது.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அந்த வழியை அடைத்தது. 2006-07-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமாகி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மற்ற பாடங்கள். தாய்மொழி விருப்பப் பாடமாகப் பகுதி 4-க்குப் போனது. பத்தாண்டு அவகாசம் கொடுத்த சட்டம் இது. அவசரச் சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 2016-இல் முதல் அணி பொதுத்தேர்வுக்கு வந்தபோது, தமிழாசிரியர்களே போதவில்லை என்ற முறையீட்டோடு வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது, விலக்கு கிடைத்தது. விலக்கு நீண்டுகொண்டே போய், 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் ஓராண்டு நீட்டித்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் தமிழ்த் தேர்வுக்கு விலக்குக் கேட்டார்கள் என்றால், பழுது வகுப்பறையில்தான் இருக்கிறது.

அந்த வகுப்பறைக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். தெலுங்குப் பிள்ளைக்குக் ககர வரிசையில் நான்கு எழுத்துகள் பழக்கம். தமிழில் காடு, தங்கம், பகல் மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைத் தமிழ் வீட்டுப் பிள்ளை காதால் அறிந்து வருகிறது. இந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். கோழி தெலுங்கில் கோடி, கன்னடத்தில் கோளி. ழகரம் இரு வீட்டிலும் இல்லை. பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. தமிழ்ச் சொல்லின் முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் இந்த ஒழுங்கை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். நூறு சொற்களுக்குக் கதவு திறக்கும். தமிழ் பேசும் வீட்டை மனத்தில் வைத்து எழுதிய பாடநூலில் இதற்கு இடமிருக்காது. அது அந்த நூலின் குறையுமன்று. ஒரு மொழியை வீட்டு மொழியாகக் கற்பிப்பது வேறு, பக்கத்து மொழியாகக் கற்பிப்பது வேறு. அரை நூற்றாண்டுச் சண்டை எந்த மொழிக்கு எந்தப் பகுதி என்பதிலேயே கழிந்ததால் இந்த வேறுபாடு பாடத்திட்டமாக உருப்பெறவில்லை.

தனிப் பாடத்திட்டம் என்றால் தரம் தாழும், தமிழ்நாட்டில் தமிழுக்கே சலுகையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் சொல்வது வேறு வழி, சேருமிடம் ஒன்றே. பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் இருக்கட்டும். அதற்குப் போகும் பாதையை முதல் ஐந்து வகுப்புகளில் பள்ளி அமைத்துக்கொள்ளட்டும். உண்மையில் பெரிய தீங்கு விலக்கில்தான் இருக்கிறது. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பின் மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தாக வேண்டும். பள்ளியில் விலக்குப் பெற்ற பாகலூர்ப் பிள்ளை, கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு எழுதும்போது அந்தத் தாளில் நின்றுவிடும். இன்று தந்த சலுகை நாளை அடைத்த கதவாகும்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் மொழியைப் பற்றிப் பேசுவானேன், ஆங்கிலமும் தொழிற்பயிற்சியும் போதாதா என்பது இன்னொரு வாதம். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் 1980-களில் இங்கே வேரூன்றியது முதல் இந்த எண்ணம் வலுத்தே வந்திருக்கிறது. பள்ளியைத் தொழிலோடு கட்டுவதில் இம்மண்ணுக்கு ஒரு பழைய பாடமுண்டு: ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதலமைச்சராக 1953-இல் கொண்டுவந்த, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்ன அரைநாள் பள்ளித் திட்டம், குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. பிள்ளையின் பிற்காலத்தைப் பள்ளி முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தொழிற்சாலைக்கு வெளியே இருக்கும் வழிகள் குறைகின்றன. தாய்மொழியைப் பகுதி 4-இல் மதிப்பின்றி விட்டால் கற்கும் ஆர்வமே குறைகிறது. இரண்டுமே இழப்பு.

ஆகவே கல்வித்துறைக்கு என் வேண்டுகோள் இது: மாவட்டத்தின் சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் சிலவற்றையாவது தேர்ந்து, தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அறிந்த தமிழாசிரியர்களை அங்கே அமர்த்தி, முதல் ஐந்து வகுப்புத் தமிழ்ப் பாடத்தை அவர்களையே எழுதவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடிவில் பிள்ளை தமிழில் எதைப் படிக்கும், எதை எழுதும் என்பதை அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாளில் போய்ச் சோதித்துப் பாருங்கள்.