சாய் அபயங்கர்

சாய் அபயங்கர் (பிறப்பு: 2004) தமிழ்த் திரைப்பட இசையமைப்பாளரும் பாடகரும் ஆவார். எந்தத் திரைப்படத்தையும் சாராத தனிப்பாடல்களை இணையத்தில் வெளியிட்டுப் புகழ்பெற்று, அதன் பின்னரே திரையிசைக்கு இசையமைப்பாளராக வந்தவர்.

இளமை

இவர் பின்னணிப் பாடகர்களான திப்பு, ஹரிணி இணையரின் மகன். தங்கை சாய் ஸ்மிருதியும் பாடகியாவார். தொடக்கத்தில் அனிருத் ரவிச்சந்தரிடம் இசை நிரலாளராக, அதாவது கணினியில் தாளத்தையும் கருவி ஒலிகளையும் அமைப்பவராகப் பணியாற்றினார்.

தனிப்பாடல்கள்

2024 சனவரியில் திங்க் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட "கட்சி சேர" இவரது முதல் தனிப்பாடலாகும். இவரே பாடிய இது யூடியூபில் 10 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அதே ஆண்டில் "ஆச கூட" பாடலைத் தங்கையுடன் இணைந்து பாடினார். அதன் காணொளியில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த நடிகை பிரீத்தி முகுந்தன் நடித்தார்.

2011 இல் அனிருத்தின் "ஒய் திஸ் கொலவெறி டி" பாடலும் இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியது. எனினும் அது "3" என்ற திரைப்படத்திற்காக உருவானது. சாயின் பாடல்களுக்கு அத்தகைய திரைப்படப் பின்புலம் இருக்கவில்லை.

திரையிசை

2024 டிசம்பரில், சூர்யா நடிக்கும் "கருப்பு" படத்திற்கு ஏ. ஆர். ரகுமானுக்கு மாற்றாக இவர் அறிவிக்கப்பட்டார். இசையமைத்த படம் ஒன்றுகூட வெளிவராத நிலையில் இத்தகைய வாய்ப்புகள் கிடைத்தமை இரசிகர்களிடையே விவாதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மலையாளப் படமான "பல்டி" இவரது இசையில் முதலில் வெளிவந்தது. அடுத்த மாதம் தீபாவளியை ஒட்டி வெளியான "டியூட்" இவரது முதல் தமிழ்ப் படமாகும். அப்படத்தின் "ஊரும் பிளட்" பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது.