யூதத் தொழுகைக் கூட இசை

யூதத் தொழுகைக் கூட இசை என்பது யூதர்களின் தொழுகைக் கூடங்களில் வழிபாட்டின்போது ஓதப்படும், பாடப்படும் இசை ஆகும். இதில் முதன்மையான இடம் மனிதக் குரலுக்கே உரியது. மரபுவழித் தொழுகைக் கூடங்களில் ஓய்வு நாளான சப்பாத் வழிபாடு இன்றும் இசைக்கருவிகள் இன்றியே நடைபெறுகின்றது.

கருவியிசை விலக்கப்பட்டமை

எருசலேம் கோயிலில் லேவியர் குலத்தவர் யாழ், கைத்தாளம் முதலிய கருவிகளுடன் பாடினர். கி.பி. 70இல் உரோமர் அக்கோயிலை அழித்தனர். அதன் பின்னர் தொழுகைக் கூடங்கள் வழிபாட்டின் மையங்களாயின. கோயிலை இழந்த துயரைக் காக்கும் வகையில் அவற்றில் கருவியிசை விலக்கப்பட்டது. சப்பாத்துக்கு வேறொரு தடையும் உண்டு. கருவி பழுதுற்றால் வாசிப்பவர் அதைச் சீர்செய்ய முற்படலாம். சீர்செய்தல் ஓய்வு நாளில் கூடாத வேலை. ஆகவே வாசிப்பதையே தல்மூத் அறிஞர்கள் தடுத்தனர். ஆட்டுக்கடாவின் கொம்பான சோபார் விதிவிலக்காகும். எனினும் அதனை இசைக்கருவி என்பதை விட அறிவிப்புக் கருவி என்பதே பொருந்தும். யூதப் புத்தாண்டில் இது ஊதப்படும். அந்நாள் சப்பாத்தில் அமைந்தால் மரபுவழியினர் ஊதுவதில்லை.

ஓதுதல்

தோரா இசையுடன் ஓதப்படுகின்றது. இதற்கான குறியீடுகளைத் திபேரியா நகர அறிஞர்கள் 10ஆம் நூற்றாண்டளவில் முழுமைப்படுத்தினர். ஆயினும் கூடத்தில் வைத்து ஓதப்படும் சுருளில் இக்குறிகளோ உயிர்க்குறிகளோ இருப்பதில்லை. ஓதுபவர் அனைத்தையும் முன்னரே மனப்பாடம் செய்திருத்தல் வேண்டும். குறிகள் ஒன்றே எனினும் யேமன், பக்தாத், ஜெர்மனி யூதர்களின் இசை வெவ்வேறானது.

வழிபாட்டை நடத்தும் பாடகர் ஹசான் எனப்படுவார். யோம் கிப்பூர் நாள் தொடங்கும் மாலையில் ஹசான் பாடும் கோல் நித்ரே, கிழக்கு, நடு ஐரோப்பிய யூதரிடையே பெரிதும் போற்றப்படுவது. யூதரல்லாத மாக்ஸ் புரூக் இம்மெட்டைக் கொண்டு 1880இல் செல்லோவுக்கு ஓர் இசைப்படைப்பை இயற்றினார்.

ஆர்கன் சர்ச்சை

ஜெர்மனியில் 1810இல் சீசென் நகரிலும், 1818இல் ஹாம்பர்க் நகரிலும் சீர்திருத்தவாதிகளின் கூடங்களில் ஆர்கன் இடம்பெற்றது. ஹாம்பர்க் ராபிகள் 1819இல் பல ஊர் ராபிகளின் கண்டனங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். கோயிலின் துயர், சப்பாத் விதி ஆகியவற்றுடன், கிறித்தவ ஆலயங்களைப் பின்பற்றுதல் கூடாது என்பதும் அவர்களது வாதமாகும். பிராகா நகரின் தொழுகைக் கூடத்தில் முன்னரே ஆர்கன் இருந்ததைச் சீர்திருத்தவாதிகள் சுட்டினர். அங்கே வெள்ளி மாலை சப்பாத் தொடங்குமுன் அது நிறுத்தப்பட்டது என எதிர்த்தரப்பினர் விடையளித்தனர்.

வியன்னாவில் 1826இல் ஹசானாகப் பொறுப்பேற்ற சாலமன் சூல்சர், பாடற்குழுவைக் கொண்டே வழிபாட்டிசையைச் சீரமைத்தார். இவருக்காகக் கத்தோலிக்கரான பிரான்சு சூபர்ட் 1828இல் 92ஆம் சங்கீதத்திற்கு எபிரேய மொழியிலேயே இசையமைத்தார். பெர்லினில் 1866இல் திறக்கப்பட்ட புதிய தொழுகைக் கூடத்தில் ஆர்கன் இருந்தது. லூயிசு லெவண்டோவ்ஸ்கி அங்கு இசைப் பொறுப்பாளராக இருந்தார். 1938 நவம்பரில் நாட்சிகள் நூற்றுக்கணக்கான தொழுகைக் கூடங்களுக்குத் தீயிட்டபோது ஆர்கன்கள் பலவும் அவற்றோடு அழிந்தன.

பெண்கள்

ஆண்கள் முன்னிலையில் பெண்கள் தனித்துப் பாடுவதை மரபுவழியினர் ஏற்பதில்லை. அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள் 1975இல் முதன்முறையாக ஒரு பெண்ணை, பார்பரா ஆஸ்ட்பெல்ட் என்பவரை, ஹசானாக ஏற்றனர். கொச்சி யூதரிடையே பெண்கள் திருமணங்களிலும் விழாக்களிலும் மலையாளப் பாடல்களைப் பாடிவந்தனர்; அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதியும் காத்தனர்.