ஆழாக்கு போய் கிராம் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், கேக் குறிப்பில் ஒரு கப் மைதான்னு இருக்கு. தராசில் எத்தனை கிராம் வைக்கணும்?"

240 மில்லி கப்பில் மைதா சுமார் 120 கிராம், சர்க்கரை சுமார் 200 கிராம். பதில் அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வி ஒரு காலத்தில் நம் நாட்டுக்கே வந்தது.

நம் முன்னோர் தானியத்தை முகந்து அளந்தார்கள், பொன்னை நிறுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இரண்டும் உண்டு. நெல் அளக்க 'ஆடவல்லான்' என்ற மரக்கால், பொன் நிறுக்க அதே பெயரில் எடைக்கல்.

முகத்தல் அளவை வாய்பாடு இது: 360 நெல் 1 செவிடு, 5 செவிடு 1 ஆழாக்கு, 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். பெருக்கிப் பாருங்கள், ஒரு படிக்கு 14,400 நெல் வரும்!

வாய்பாடு ஒன்றாக இருந்தாலும் படி ஊருக்கு ஊர் மாறியது. அதோடு அளக்கும் கை வேறு. தலை தட்டி அளந்தால் ஓர் அளவு, கோபுரமாகக் குவித்தால் இன்னோர் அளவு. குத்தகை நெல்லைக் குவித்து வாங்கி, கூலி நெல்லைத் தலை தட்டிக் கொடுத்தால் நஷ்டம் யாருக்கு? உழைத்தவருக்குத்தான். தராசில் குவிக்கவும் முடியாது, தட்டவும் முடியாது.

1956-ல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்து, 1962 ஏப்ரலில் கட்டாயமாயின. ஆனாலும் 1967 தேர்தலில் அறிஞர் அண்ணா பேசியது 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்றுதான். வென்றபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். 2008-ல் ரேஷனில் மறுபடி ஒரு ரூபாய் அரிசி வந்தபோது அது கிலோக் கணக்கு. சட்டம் மாறியது சீக்கிரம், நாக்கு மாறியது மெதுவாக.

அமெரிக்காவிலும் இதே தொல்லைதான். 1896-ல் ஃபேனி ஃபார்மர் தன் சமையல் புத்தகத்தில் கப்பைத் தலை தட்டியே அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆனால் மைதா அழுத்தினால் அடங்கும், சலித்தால் உப்பும். தலை தட்டினாலும் எடை மாறும்.

அப்படியானால் நம் அம்மாக்களுக்கு இட்லி எப்படிச் சரியாக வந்தது? நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. இரண்டையும் அளந்தது ஒரே ஆழாக்கு, ஒரே கை. பாத்திரம் சின்னதானாலும் விகிதம் மாறாது. கேக்கில் மாவு கப்பில், வெண்ணெய் கிராமில், முட்டை எண்ணிக்கையில். அங்கேதான் விகிதம் உடைகிறது. அதனால்தான் தராசு தேவை.

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது 1951-ல், மெட்ரிக் சட்டத்துக்கு முன்னால். உங்கள் வீட்டுப் பாட்டிமார்களின் குறிப்பு நோட்டுகளும் அந்தக் காலத்தவைதான். அதில் 'ஒரு ஆழாக்கு' என்றிருந்தால், அது அந்த வீட்டு ஆழாக்கு. பாத்திரம் பழைய சாமான்காரரிடம் போய்விட்டால் குறிப்பும் போன மாதிரிதான்.

எனவே ஒரு வீட்டுப்பாடம். ஆழாக்கைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, தளும்பத் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பிறகு துடைத்துவிட்டு அரிசி, உளுந்து, கடலை மாவு, சர்க்கரை ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து நிறுத்து, சராசரி எடுங்கள். அளப்பது அம்மாவோ பாட்டியோ ஆகட்டும், நீங்கள் எழுதுங்கள். நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டு ஆழாக்கு எத்தனை மில்லி என்று கீழே பதிவிடுங்கள். யார் வீட்டுக்கும் யார் வீட்டுக்கும் ஒத்துப்போகிறது, பார்ப்போம்.